ஓட்டுச் சட்டத்துக்காக ஆட்டத்தை வேறு ஊருக்கு மாற்றியது சரியா? (அட்லாண்டா, 2021)

கேள்வி, ஒரு வாசகரிடமிருந்து (2025 ஜூலை 11)

செவ்வாய்க்கிழமை அட்லாண்டாவில் பேஸ்பால் ஆல் ஸ்டார் ஆட்டமாம், லீகின் நட்சத்திர ஆட்டக்காரர்கள் எல்லாம் கூடி ஆடுவது. 2021-இல் இதே ஊரிலிருந்து பிடுங்கி டென்வருக்குக் கொண்டு போனார்கள். காரணம் கேட்டால், தபால் ஓட்டுக்கு அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலம் ஐடி கேட்டதாம். நம் ஊரில் வாக்காளர் அட்டையோ வேறு அடையாளமோ இல்லாமல் சாவடிக்குள் கால் வைக்க முடியுமா? ஐடி கேட்டால் என்ன குடி முழுகிவிடும்? கோக் விற்கிறவர்களுக்கும் விமானம் ஓட்டுகிறவர்களுக்கும் இதில் என்ன வேலை? சட்டம் அப்படியேதானே இருக்கிறது, பிறகு எப்படித் திரும்பி வந்தார்கள்? ஜார்ஜியாவில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

2025 ஜூலை 11, இரவு

நான் அட்லாண்டா புறநகரில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். குடியுரிமை வாங்கி ஓட்டுப் போட ஆரம்பித்தது 2020-இல். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஐடி விஷயம். ஜார்ஜியாவில் நேரில் ஓட்டுப் போடப் போனால் போட்டோ ஐடி காட்ட வேண்டும் என்பது இந்தச் சட்டத்துக்கு ரொம்ப வருடம் முன்பே உண்டு. 2021 மார்ச் 25 அன்று குடியரசுக் கட்சிக் கவர்னர் பிரையன் கெம்ப் கையெழுத்துப் போட்ட செனட் மசோதா 202 மாற்றியது தபால் ஓட்டை. அதுவரை கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இனி ஓட்டுநர் உரிம எண்ணோ மாநில அடையாள அட்டை எண்ணோ எழுத வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆவண நகல் வைக்க வேண்டும். மாநிலப் பதிவேட்டில் அந்த எண் சரியாக ஏறாத வாக்காளர்கள் 2 லட்சத்துக்கு மேல் இருந்தார்கள். அதில் பாதிக்கு மேல் கறுப்பர்கள்.

98 பக்கச் சட்டம் அது. ஐடி அதில் ஒரு பகுதிதான். தபால் ஓட்டு கேட்டு விண்ணப்பிக்கும் அவகாசம் 180 நாளிலிருந்து 78 நாளாகக் குறைந்தது. நிரப்பிய ஓட்டைக் கொண்டுபோய்ப் போடும் பெட்டிகளை முன்கூட்டிய ஓட்டுப்பதிவு நடக்கும் கட்டடத்துக்குள் வைத்து, அந்த நேரத்தில் மட்டும் திறக்க வேண்டும் என்றார்கள். அட்லாண்டாவைச் சுற்றியுள்ள நான்கு பெரிய கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) பெட்டிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய கால்வாசியாகிவிட்டது. மாநிலத் தேர்தல் வாரியத்தின் தலைமையிலிருந்து, தேர்தலைக் கவனிக்கும் மாநிலச் செயலாளரை நீக்கினார்கள். "எனக்கு 11,780 ஓட்டு கண்டுபிடித்துக் கொடுங்கள்" என்று 2020 தேர்தலில் தோற்ற டிரம்ப் போனில் கேட்டபோது முடியாது என்று சொன்ன அதே பதவி. கவுண்டி தேர்தல் நிர்வாகத்தையே மாநில வாரியம் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளவும் வழி செய்தார்கள்.

இதையெல்லாம் விட்டுவிட்டு "ஐடி கேட்டால் என்ன" என்று மட்டும் பேசினால் பேச்சு வழி தவறிவிடும்.

2025 ஜூலை 12, காலை

நம் ஊர் வாக்காளர் அட்டையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அட்டையைத் தேர்தல் ஆணையம் காசு வாங்காமல் கொடுக்கிறது. வீட்டுக்கு ஆள் வந்து பெயர் சரிபார்க்கிறார். பூத் சிலிப் வீடு தேடி வருகிறது. சாவடி 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. தேர்தல் நாளில் சம்பளத்தோடு விடுமுறை. என் அம்மா சேலத்தில் காலை ஏழு மணிக்குப் போய் ஏழே முக்காலுக்கு மையிட்ட விரலோடு வந்து தோசை ஊற்றுவார்.

இங்கே தேர்தல் செவ்வாய்க்கிழமை, வேலை நாள். பெயர், முகவரி சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று நாம்தான் ஓடியாடிப் பார்க்க வேண்டும். இலவச அடையாள அட்டை இங்கும் உண்டு, ஆனால் வார நாளில் நாமே அலுவலகம் போய் வாங்க வேண்டும். அரசே தேடி வந்து கொடுக்கும் ஐடியைக் கேட்பதும், நம்மையே தேடிக் கொண்டுவரச் சொல்லி ஐடி கேட்பதும் ஒன்றாகுமா?

2025 ஜூலை 12, மதியம்

"மூன்று மணி நேர வரிசை எல்லாம் பத்திரிகைக் கதை" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். நான் நின்றேன் சார். 2020 ஜூன் 9, கட்சிகளின் வேட்பாளர்களை மக்களே தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல். தபால் ஓட்டுக்கு விண்ணப்பித்திருந்தேன், சீட்டு கடைசிவரை வரவில்லை. அதனால் நேரில் போனேன். எந்தக் கவுண்டி என்று சொல்லப் போவதில்லை. மூன்று மணி நாற்பது நிமிடம்.

கோவிட் காலம். தரையில் ஆறடிக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு. எனக்கு முன்னால் ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர் அம்மா ஒருவர், கறுப்பினத்தவர், எழுபது வயது இருக்கும். மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தார். வரிசை நகரும்போதெல்லாம் எழுந்து, நாற்காலியைக் காலாலேயே அடுத்த கோட்டுக்குத் தள்ளி, மறுபடி உட்கார்ந்துகொள்வார். அவர் கைக்குடையைப் பாதி நேரம் நான் பிடித்தேன். பக்கத்து சர்ச்சிலிருந்து இரண்டு பெண்கள் ஐஸ் பெட்டியோடு வந்து தண்ணீர் பாட்டிலும் கடலை வெண்ணெய் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். யாருக்கு ஓட்டு என்று ஒரு வார்த்தை பேசவில்லை. "போயிடாதீங்க, இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று மட்டும் சொன்னார்கள்.

நான் கையில் பிளாஸ்டிக் உறையில் குடியுரிமைச் சான்றிதழ் வைத்திருந்தேன். அது ஏன் என்பதை அப்புறம் எழுதுகிறேன்.

அன்றைக்குப் பிறகு வந்த ஓர் ஆய்வைப் பத்திரிகையில் படித்தேன். அட்லாண்டாவைச் சுற்றிய ஒன்பது கவுண்டிகளில் மாநில வாக்காளர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், ஆனால் சாவடிகள் 38 சதவீதம்தான். வரிசை எங்கே நீளும் என்பதற்கு வேறு ஜோசியம் வேண்டாம்.

2025 ஜூலை 12, இரவு: ஒரு திருத்தம்

கீழே ஒருவர், "தண்ணீர் கொடுப்பதே குற்றம் என்று சட்டம் போட்டார்கள்" என்று எழுத, நானும் ஆமாம் என்று பதில் போட்டுவிட்டேன். சரியாகச் சொல்லிவிடுகிறேன். சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள்ளும், வரிசையில் நிற்பவரிடமிருந்து 25 அடிக்குள்ளும் யாரும் உணவோ தண்ணீரோ கொடுக்கக் கூடாது. சாவடி அலுவலர்கள் தாங்களாக எடுத்துக் குடிக்கும்படி தண்ணீர் வைக்கலாம். 150 அடிக்கு வெளியே நீளும் வரிசைக்கு அந்த 25 அடித் தடையை ஒரு ஃபெடரல் நீதிபதி 2023 ஆகஸ்டில் நிறுத்திவைத்தார்.

இன்னொன்று. சாவடி ஐந்து மணிக்கே மூடிவிடும் என்று அப்போது அதிபர் பைடன் சொன்னார். நானும் நம்பி நாலு பேருக்கு அனுப்பினேன். அது தவறு. தேர்தல் நாளில் ஏழு மணி வரை சாவடி திறந்திருக்கும், அதில் மாற்றம் இல்லை. முன்கூட்டிய ஓட்டுப்பதிவுக்கு இரண்டு சனிக்கிழமைகளைக் கட்டாயமாக்கியதும் இதே சட்டம்தான். சட்டத்தை எதிர்க்கிறவன் அதில் இல்லாததைச் சொல்லி எதிர்த்தால் இருப்பதைப் பற்றிப் பேச ஆள் இல்லாமல் போகும். அந்த ஐந்து மணி விஷயத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு ஒரு மாதம் பேசியது.

ஆனால் 25 அடி விதியை மறுபடி படித்துப் பாருங்கள். அந்த சர்ச் பெண்கள் என் கையில் பாட்டிலைக் கொடுத்தபோது 25 அங்குலம்கூட இல்லை.

2025 ஜூலை 13, ஞாயிறு

சரி, கம்பெனிகள். நான் அதிகம் சொல்ல வேண்டும் என்று நினைப்பது இதைத்தான்.

2021 பிப்ரவரி, மார்ச்சில் சட்டமன்றத்தில் இரண்டு மூன்று மசோதாக்கள் ஓடின. முதல் வடிவங்கள் இன்னும் கடுமை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப்பதிவைக் குறைக்கப் பார்த்தார்கள். ஞாயிறு பிரார்த்தனை முடிந்து கறுப்பினச் சபைகள் பஸ் பிடித்து மொத்தமாக ஓட்டுப் போடப் போகும் வழக்கம் இங்கே உண்டு. அதன்மேல் நேராக வைத்த கை அது. காரணம் சொல்லாமல் யாரும் தபாலில் ஓட்டுப் போடலாம் என்ற உரிமையையும் எடுக்கப் பார்த்தார்கள்.

அப்போது ஆர்வலர்கள் அட்லாண்டாவின் பெரிய கம்பெனிகளின் வாசலில் போய் நின்றார்கள். கோக கோலா, டெல்டா, ஹோம் டிப்போ, யூபிஎஸ் எல்லாம் இங்கே தலைமையகம் வைத்திருப்பவை. கம்பெனிகள் வெளியே சொன்னது "எல்லோருக்கும் எளிதான, பாதுகாப்பான தேர்தல் வேண்டும்" என்ற மாதிரி பட்டும் படாத வரி. உள்ளே வணிகச் சபை வழியாகப் பேசினார்கள். இறுதிச் சட்டத்தில் ஞாயிறும் தப்பியது, காரணம் கேட்காத தபால் ஓட்டும் தப்பியது. சர்ச் சபைகளின் கூச்சல், வழக்கறிஞர்கள், சில குடியரசுக் கட்சிக்காரர்களின் தயக்கம் எல்லாம் சேர்ந்து செய்தது அது. கம்பெனிகளின் பங்கும் அதில் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதாவது மசோதா கமிட்டியில் கிடந்த அந்த ஐந்தாறு வாரம்தான் அவர்கள் சொல்லுக்கு எடை இருந்த நேரம். முழு எடையையும் அப்போது வைத்திருந்தால் பெட்டி விஷயமும் வாரிய விஷயமும் என்ன ஆகியிருக்கும்? அரைக் குரலில் பேசினார்கள், அரை வேலை நடந்தது.

கையெழுத்து விழுந்தது மார்ச் 25. மறுநாள் டெல்டா தலைவர் எட் பாஸ்டியன் விட்ட அறிக்கை, மசோதா சட்டமன்ற நடைமுறையின்போது வெகுவாக மேம்பட்டிருக்கிறது என்றது. மார்ச் 31 அன்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் முன்னாள் தலைவர் கென்னத் ஷெனால்ட், மெர்க் மருந்து கம்பெனித் தலைவர் கென்னத் ஃப்ரேசியர் இருவரும் முன்னின்று, 72 கறுப்பின நிர்வாகிகள் கையெழுத்திட்ட கடிதம் வெளியானது. அன்றைக்கே அதே பாஸ்டியன் சட்டம் ஏற்கத்தக்கது அல்ல என்று எழுதினார். கோக கோலாவின் ஜேம்ஸ் குவின்சியும் டிவியில் அதே சொல்லைச் சொன்னார். சட்டத்தில் அந்த ஆறு நாளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

2025 ஜூலை 13, இரவு

இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன் என்பதால் இன்னும் கொஞ்சம்.

நான் அப்போது வேலை பார்த்த கம்பெனியில் (பெயர் வேண்டாம்) ஊழியர் குழு ஒன்று பிப்ரவரி கடைசியிலேயே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியது. நானும் கையெழுத்துப் போட்டேன். மசோதா எண், பிரிவு எண் எல்லாம் போட்டு எழுதிய கடிதம். "கவனித்து வருகிறோம்" என்று ஒற்றை வரி பதில் வந்தது. ஏப்ரல் முதல் வாரம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மின்னஞ்சல். வாக்குரிமை எங்கள் விழுமியங்களின் அடித்தளம் என்று நீளமாக, அழகாக. எங்கள் குழுவில் இருந்த ஒரு பெண் அதைப் படித்துவிட்டு லேப்டாப்பை மூடி வைத்தார். கோபம்கூட இல்லை அவர் முகத்தில். ஆறு வாரம் முன்பு இதில் பாதி வந்திருந்தால் போதும் என்றார்.

பேசியதற்கு விலையும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டத்தொடரின் கடைசி நாள் இரவு ஜார்ஜியா கீழவை, விமான எரிபொருள் வரிச்சலுகையை நீக்க 97-க்கு 73 என்று ஓட்டுப் போட்டது. ஆண்டுக்கு 3.5 கோடி டாலர் அளவுள்ள சலுகை, பெரும்பங்கு டெல்டாவுக்குப் போவது. செனட் எடுக்காமல் கலைந்ததால் சலுகை தப்பியது. அரசியலில் மூக்கை நுழைக்காதீர்கள் என்று அப்போது அமெரிக்க செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல் கம்பெனிகளை எச்சரித்தார், நன்கொடையைப் பற்றி நான் பேசவில்லை என்ற விளக்கத்தோடு. பணம் கொடுக்கலாம், வாய் திறக்கக் கூடாது. கேள்வி கேட்டவர் "இவர்களுக்கு இதில் என்ன வேலை" என்றாரே, வருடம் முழுக்க வரிச்சலுகைக்காகச் சட்டமன்றத் தாழ்வாரத்தில் நிற்கும் கம்பெனிக்கு ஓட்டுரிமை வந்தால் மட்டும் அரசியல் தெரியாமல் போய்விடுமா?

2025 ஜூலை 14

இப்போது ஆட்டம்.

ஏப்ரல் 2, சட்டம் வந்த எட்டாவது நாள், பேஸ்பால் லீகின் கமிஷனர் ராப் மேன்ஃபிரெட் ஆல் ஸ்டார் ஆட்டத்தையும் புது ஆட்டக்காரர் தேர்வையும் அட்லாண்டாவிலிருந்து எடுப்பதாக அறிவித்தார். ஏப்ரல் 6-இல் டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் என்றார்கள். இடையில் நான்கு நாள்.

அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். யாரோ ஒருவர் சொல்லோடு நிற்காமல் ஏதோ செய்துவிட்டார் என்று இருந்தது. சாயங்காலம் அந்த நாற்காலி அம்மாவுக்குப் போன் செய்தேன். வரிசையில் பழகி, நம்பர் வாங்கி, அவ்வப்போது பேசிக்கொள்வோம். அவர் ஓய்வுக்குப் பிறகு, ஆட்டம் நடக்கவிருந்த ட்ரூயிஸ்ட் பார்க் அரங்கில் பருவகால வேலை பார்த்தார். டிக்கெட் பார்த்து இருக்கை காட்டும் வேலை. இங்கே பேஸ்பால் அரங்குகளில் நிறைய வயதானவர்கள் செய்வார்கள். ஆல் ஸ்டார் வாரம் முழுக்க அவருக்கு வேலை இருந்திருக்கும். அது போச்சு.

அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "எடுத்தது சரி. ஆனா எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

ஜனநாயகக் கட்சித் தலைவரும் ஓட்டுரிமை ஆர்வலருமான ஸ்டேசி ஏப்ரம்ஸ் அப்போது பேசியதும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் நின்றது. புறக்கணிப்பு இப்போது வேண்டாம் என்று அறிவிப்புக்கு முன்பே கேட்டிருந்தார். முடிவு வந்தபிறகு வருத்தம், ஆனாலும் லீகின் நிலைப்பாட்டுக்குப் பாராட்டு என்றார். வெளியூரில் இருப்பவர்களுக்கு இது முரணாகத் தெரியலாம். இங்கே வாழ்பவர்களுக்கு இரண்டும் ஒரே மூச்சில் வரும்.

2025 ஜூலை 14, இரவு

டென்வரில் இருக்கும் ஒரு நண்பர் கேட்கிறார்: "கொலராடோவிலும் ஐடி கேட்கிறார்கள், முன்கூட்டிய ஓட்டுப்பதிவு நாட்களும் உங்களைவிடக் குறைவு. அப்புறம் எங்கள் ஊர் மட்டும் எப்படி நல்ல ஊர் ஆயிற்று?" கெம்ப் அப்போது சொன்ன வாதம் இது. அண்ணா, உங்கள் ஊரில் பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் ஓட்டுச்சீட்டு தானாகத் தபாலில் வந்துவிடுகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அப்படித்தான் போடுகிறார்கள். வரிசையே இல்லாத ஊரில் முன்கூட்டிய நாட்களை எண்ணிப் பார்த்து என்ன பயன்?

ஆனால் அவர் வாதத்தில் ஒரு முள் இருக்கிறது, அதை ஒதுக்க முடியாது. அட்லாண்டா நகரில் பாதிப் பேர் கறுப்பர்கள். டென்வரில் பத்தில் ஒருவர். யாருடைய ஓட்டுக்காக எடுத்தார்களோ அவர்கள் நடத்தும் கடைகளுக்குப் போயிருக்க வேண்டிய வாரம் அது. பத்து கோடி டாலர் நஷ்டம் என்று கவுண்டி சுற்றுலா அமைப்பு சொன்னது. விளையாட்டுப் பொருளாதாரம் படிக்கிறவர்கள் அந்தத் தொகை மிகை என்றார்கள், நானும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் அந்த அம்மாவின் ஒரு வாரச் சம்பளம் மிகை இல்லை.

2025 ஜூலை 15, காலை

தூக்கம் வராமல் பழைய கதைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு உதாரணம்.

அரிசோனாவில் மார்ட்டின் லூதர் கிங் விடுமுறையை 1990-இல் மக்கள் ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள். அமெரிக்கக் கால்பந்து லீக் 1993-இன் சூப்பர் பவுலை டெம்பியிலிருந்து பாசடீனாவுக்கு மாற்றியது. 1992-இல் மக்கள் விடுமுறையை ஏற்றார்கள். 1996 சூப்பர் பவுல் டெம்பியில் நடந்தது. அடுத்தது வட கரோலினா. திருநங்கைகளும் திருநம்பிகளும் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்ற 2016 சட்டத்துக்காக, கூடைப்பந்து லீகான என்பிஏ தன் 2017 ஆல் ஸ்டாரைச் சார்லட்டிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு எடுத்தது. 2017 மார்ச்சில் சட்டத்தில் ஒரு பகுதி போனது, 2019-இல் ஆட்டம் சார்லட்டுக்குத் திரும்பியது.

இரண்டிலும் இதைச் செய்தால் திரும்பி வருவோம் என்பது ஊருக்குத் தெரிந்தது. அது முழு நியாயமாக முடிந்ததா என்பது வேறு பேச்சு. பேரம் பேச ஒரு பொருள் மேஜையில் இருந்தது.

2021-இல் பேஸ்பால் லீக் ஜார்ஜியாவிடம் எதுவுமே கேட்கவில்லை. எங்கள் விழுமியங்களைக் காட்ட இதுவே சிறந்த வழி என்றார்கள், போனார்கள். எந்தப் பிரிவை நீக்கினால் வருவோம், எத்தனை பெட்டி வைத்தால் வருவோம், ஒன்றும் இல்லை. கேட்காததை யார் கொடுப்பார்கள்? கெம்புக்கு அது தேர்தல் பிரசாரமாகத்தான் பயன்பட்டது. அடுத்த ஆண்டு கவர்னர் தேர்தலில் அவர் ஏப்ரம்ஸைத் தோற்கடித்தார்.

"சட்டம் அப்படியே இருக்க எப்படித் திரும்பி வந்தார்கள்" என்ற முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். நிபந்தனை வைக்காமல் போனவர்களுக்குத் திரும்பி வரவும் நிபந்தனை தேவைப்படவில்லை. 2023 நவம்பரில் அறிவித்துவிட்டார்கள். நடுவில் 2024 ஆட்டம் டெக்சாஸின் ஆர்லிங்டனில் நடந்தது, ஒரு முணுமுணுப்பும் இல்லை. அந்த டெக்சாஸ் 2021 செப்டம்பரில் இதே பாணிச் சட்டம் போட்ட மாநிலம். அதன் பிறகு நடந்த 2022 மார்ச் முதல்கட்டத் தேர்தலில் வந்த தபால் ஓட்டுகளில் ஏறக்குறைய எட்டுக்கு ஒன்று தள்ளுபடி ஆனது. பெரும்பாலும் ஐடி எண் எழுதாமல் விட்டது, அல்லது பதிவில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாதது. ஐடி கேட்டால் குடி முழுகுமா என்று கேட்டீர்களே, இது அந்தக் கணக்கு.

2025 ஜூலை 16, அதிகாலை

ஆட்டம் பார்த்தேன், வீட்டில் டிவியில். 6-6 சமன். கடைசியில் ஹோம் ரன், அதாவது பந்தை எல்லைச் சுவருக்கு வெளியே, அடித்துக் காட்டி முடிவு செய்தார்கள். கைல் ஷ்வார்பர் மூன்று வீச்சு, மூன்றும் வெளியே. என் பையன் சோபாவில் ஏறிக் குதித்தான். மணி பன்னிரண்டைத் தாண்டியும் தூங்கவில்லை.

ஆட்டத்தின் நடுவே விளக்கை அணைத்து ஹாங்க் ஏரனின் 715-ஆவது ஹோம் ரன்னை ஒளியால் மைதானத்தில் மறுபடி ஓட விட்டார்கள். 1974 ஏப்ரல் 8, இதே அட்லாண்டா. ஒரு கறுப்பர் பேப் ரூத்தின் சாதனையை முறியடிப்பதா என்று அதற்கு முன் மாதக்கணக்கில் கொலை மிரட்டல் கடிதங்கள் வாங்கியவர். அவர் இறந்தது 2021 ஜனவரி 22. அந்த ஆண்டு ஆட்டமே அவருக்கு அஞ்சலியாக அவர் ஊரில் நடக்க வேண்டியது. டென்வரில் ஹோம் ரன் போட்டிக்கு எல்லோரும் அவருடைய 44-ஆம் எண் சட்டை போட்டார்கள். இருந்தாலும் இந்த ஊரில் நடந்திருக்க வேண்டியது, நான்கு வருடம் தள்ளி நடந்தது.

அந்த நாற்காலி அம்மா போன் செய்தார். முட்டி வலியால் அரங்கு வேலையை விட்டுவிட்டார், அவரும் டிவியில்தான். 74-இல் தன் அப்பா ரேடியோவைச் சமையலறை ஜன்னலில் வைத்துச் சத்தத்தைக் கூட்டியதைச் சொன்னார். ஓட்டைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

2025 ஜூலை 19

"அப்படியென்றால் விளையாட்டுக்காரர்கள் அரசியலை விட்டுவிட வேண்டியதுதானா" என்று கேட்டவருக்கு: இல்லை தம்பி. இதே ஊர் பெண்கள் கூடைப்பந்து அணி அட்லாண்டா டிரீமைப் பாருங்கள். 2020-இல் அணியின் உரிமையாளர்களில் ஒருவர் கெல்லி லோஃப்லர், பதவியில் இருந்த செனட்டர். லீக் கறுப்பர் உரிமைக் குரலுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று எழுதினார். ஆட்டக்காரிகள் ஆகஸ்டில் "வார்னாக்குக்கு ஓட்டுப் போடுங்கள்" என்ற சட்டையோடு வந்து நின்றார்கள். வார்னாக் லோஃப்லரை எதிர்த்து நின்ற வேட்பாளர், அப்போது கருத்துக்கணிப்பில் எங்கோ பின்னால். சம்பளம் கொடுப்பவருக்கு எதிராக, தேர்தலுக்கு முன்பாக, ஒரு பெயரைச் சொல்லி. யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு கிடைக்காததால் 2021 ஜனவரி 5-இல் நடந்த இரண்டாம் சுற்றில் லோஃப்லர் தோற்றார், பிப்ரவரியில் அணி கைமாறியது, புது உரிமையாளர்களில் ஒருவர் அந்த அணியிலேயே ஆடிய ரெனே மாண்ட்கோமரி.

அதே 2020-இல் என்பிஏ அரங்குகள் பல ஓட்டுச்சாவடிகளாகத் திறந்தன. இங்கே ஸ்டேட் ஃபார்ம் அரீனாவும். பெரிய கூரை, குளிர்சாதனம், வண்டி நிறுத்த இடம், ரயில் நிலையம் பக்கத்தில். ஒரு லீகால் வரிசையைக் குறைக்க முடியும் என்று கண்ணால் பார்த்தது அது.

2025 ஜூலை 20

"2022-இல் ஜார்ஜியாவில் சாதனை ஓட்டுப்பதிவு, ஆகவே சட்டம் யாரையும் தடுக்கவில்லை" என்பது மூன்றாவது முறையாக வந்திருக்கிறது. அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டுக்கு முன்கூட்டிய ஓட்டுப்பதிவு சாதனைதான், உண்மை. ஆனால் வெள்ளையர், கறுப்பர் இடையே ஓட்டுப்பதிவு விகித இடைவெளி அந்த ஆண்டு முன்பைவிட விரிந்தது. ஆற்றில் தண்ணீர் கூடியது என்பதற்காக அணையே இல்லை என்று சொல்ல முடியாது. மக்கள் கோபத்தில் இன்னும் அதிக நேரம் நின்றார்கள். அந்த டிசம்பரில் நடந்த இரண்டாம் சுற்றுக்கு முன்பிருந்த ஒன்பது வார இடைவெளி இந்தச் சட்டத்தால் நான்கு வாரமாகச் சுருங்கியிருந்தது. நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை ஓட்டுப் போடலாமா என்பதற்கே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

அரசு போட்ட வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கு: 2021 ஜூனில் மத்திய அரசின் நீதி இலாகா இந்தச் சட்டத்தை எதிர்த்துப் போட்டது, 2025 மார்ச் கடைசியில் டிரம்பின் நிர்வாகம் திரும்பப் பெற்றது. தனியார் அமைப்புகளின் வழக்குகள் வேறு.

2025 செப்டம்பர் 14

இழை ஓய்ந்துவிட்டது என்று நினைத்தேன். போன மாதம் குடியுரிமை வாங்கிய ஒரு தங்கை எழுதியிருக்கிறார், அந்தப் பிளாஸ்டிக் உறையின் கதையைச் சொல்லவே இல்லையே என்று. மன்னிக்கவும், இப்போது சொல்கிறேன்.

என் பெயர் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு முழுதாக இருக்கிறது. ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் ஓர் இனிஷியல். உரிமம் வாங்கியது விசாவில் இருந்த காலத்தில், ஆகவே அந்தப் பதிவில் நான் வெளிநாட்டவன். உறுதிமொழி எடுத்த அன்றே வாசலில் நின்ற தொண்டர்களிடம் வாக்காளர் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம்: உங்கள் குடியுரிமையை உறுதி செய்ய முடியவில்லை. தொலைபேசியில் கேட்டால் ஒருவர் சரியாகிவிட்டது என்றார், இன்னொருவர் இல்லை என்றார். அதனால்தான் சான்றிதழோடு வரிசையில் நின்றேன். 2018-இல் இந்தப் பெயர்ப் பொருத்தச் சோதனையில் ஜார்ஜியாவில் 53,000 பதிவுகள் நிலுவையில் கிடந்தன, ஏறக்குறைய 70 சதவீதம் கறுப்பர்கள். நம் இனிஷியலும் அதே சல்லடையில்தான் மாட்டுகிறது.

ஆகவே தங்கை, சான்றிதழ் கையில் வந்ததும் முதல் வேலை ஓட்டுநர் உரிமத்தைக் குடியுரிமையோடு மாற்றி வாங்குவது. மாநில இணையதளத்தில் உங்கள் வாக்காளர் பக்கத்தைத் திறந்து, பெயர் உரிமத்தில் இருப்பதுபோலவே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். நவம்பர் 4-இல் மின்கட்டணத்தைத் தீர்மானிக்கும் பொதுச்சேவை ஆணையத்துக்கு மாநிலம் முழுக்கத் தேர்தல், இரண்டு இடம். பெயர் பதிய அக்டோபர் 6 கடைசி நாள். தபாலில் போடுவதாக இருந்தால் உரிம எண்ணை அட்டையைப் பார்த்து எழுதுங்கள், ஞாபகத்திலிருந்து வேண்டாம். நேரில் போவதாக இருந்தால் சொல்லுங்கள், என்னிடம் ஒரு மடக்கு நாற்காலி இருக்கிறது.